குள்ளர் வீடும் அசுரன் எலும்பும்

திண்டிவனத்திலிருந்து மயிலம் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால், சங்கராபரணி ஆற்றை ஒட்டித் திருவக்கரை இருக்கிறது. பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனுக்குக் கூட்டம் சேரும் ஊர். கோயிலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள செம்மண் மேட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவரும் கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. கிளையும் இலையும் இல்லாத வெற்று அடிமரங்கள் என்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, தொலைவிலிருந்து உருண்டு வந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781இல் இவற்றைப் பதிவு செய்தார். ஊராரின் விளக்கம் வேறு: இவை வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள்.

அதே விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கில், செஞ்சியைச் சுற்றிய பாறை நிலத்தில், இன்னொரு வகைக் கற்கள் கிடக்கின்றன. வட்டமாக நட்ட உருண்டைப் பாறைகள். அவற்றின் நடுவே பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிய சிற்றறைகள். தொல்லியலாளர்கள் இவற்றைக் கல்வட்டம், கற்பதுக்கை, கற்திட்டை என்று வகை பிரிப்பார்கள். வடதமிழகத்து ஊர்களில் இவற்றுக்கு வேறு பெயர்கள்: குள்ளர் வீடு, வாலியர் வீடு, பாண்டவர் குழி. இந்த அறைகளில் ஒரு காலத்தில் சாண் உயர மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பது கதை.

ஒரு மாவட்டத்தின் கிழக்கில் அரக்கன், மேற்கில் குள்ளன். இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இரண்டு கதைகளும் ஒரே முறையில்தான் உருவாகியிருக்கின்றன. கண்முன் ஒரு பொருள் இருக்கிறது. அதன் அளவு மனித அளவோடு ஒத்துவரவில்லை. எலும்பு போலத் தோன்றும் கல் பெரிதாக இருந்தால், அதற்குரிய உடல் பெரிது. வீடு போலத் தோன்றும் அறை சிறிதாக இருந்தால், அதில் வாழ்ந்தவர் சிறியவர். பொருளை அளந்து உடலை ஊகிக்கும் கணக்கு இது. குட்டி மனிதர்களைப் பற்றி உலகமெங்கும் எடுக்கப்படும் குடும்பத் திரைப்படங்களும் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றன. அங்கே பொருளைப் பெரிதாக்கி மனிதரைச் சிறிதாக்குகிறார்கள். ஊர்க்கதையையும் திரைக்கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குள்ள மனிதர் என்ற கற்பனை தமிழ் நிலத்தில் எதிலிருந்து முளைத்தது, மற்ற நாட்டுக் கதைகளிலிருந்து அது எங்கே விலகுகிறது என்பது தெளிவாகும்.

கல் சொல்லும் கணக்கு

கற்பதுக்கையின் அமைப்பைக் கொஞ்சம் கவனித்தால், கதையின் ஒவ்வொரு துண்டுக்கும் கல்லில் ஓர் ஆதாரம் கிடைக்கும். பல அறைகளில் ஒரு பக்கத்துப் பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை வெட்டப்பட்டிருக்கும். இடுதுளை என்று தொல்லியலில் பெயர். வளர்ந்த ஓர் ஆள் தவழ்ந்து நுழையவே திணறும் அகலம்தான் அதற்கு இருக்கும். அதைக் கதவு என்று எடுத்துக்கொண்டால், அதன் வழியாகப் போய்வந்தவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பார்? அறைக்குள் கருப்பு சிவப்பு வண்ணப் பானைகளும் சிறு கிண்ணங்களும் இருக்கின்றன. அவை அடுக்களைச் சாமான்கள் என்றால், சமைத்தவரின் கை எவ்வளவு பெரியது?

ஒரு முரண் இங்கே எழுகிறது. மூடுகல் பல டன் எடை கொண்டது. சாண் மனிதர் அதை எப்படித் தூக்கி வைத்திருக்க முடியும்? கதை இதற்கும் விடை வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய கர்நாடகத்திலுள்ள சுரபுரம் சமஸ்தானத்தில் ஆங்கில அதிகாரியாக இருந்த மெடோஸ் டெய்லர், அங்குள்ள கல்லறைகளைக் கட்டியவர்கள் மோரியர் என்ற குள்ளர்கள், மூன்று சாண் உயரமே கொண்டவர்கள், ஆனால் பேருருவங்களின் பலம் படைத்தவர்கள் என்று மக்கள் சொல்வதை எழுதிவைத்தார். அறை சிறிதாக இருப்பதும் கல் கனமாக இருப்பதும் ஒரே இடத்தில் கண்ட இரண்டு உண்மைகள். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காத ஒருவர் இந்த முடிவுக்குத்தான் வந்தாக வேண்டும். குள்ளரை நம்ப மறுத்த வேறு சில ஊர்கள் கல்லின் எடையை மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டியவர்கள் பஞ்ச பாண்டவர்கள் என்றன. வனவாசத்தில் பீமன் இருந்தானே!

மேற்கூரையாக ஏன் இவ்வளவு கனத்த கல்? வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்தது, அதற்குப் பயந்து கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படியென்றால் இப்போது அவர்கள் எங்கே? அந்த மழையிலேயே மாண்டுபோனார்கள். கூரையின் கனத்துக்கும் வீட்டின் வெறுமைக்கும் சேர்த்து ஒரே வரியில் விளக்கம் முடிந்துவிடுகிறது.

இந்தக் கதை விழுப்புரத்துக்கு மட்டும் உரியதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் இந்தச் சின்னங்களைக் கட்டியவர்கள் வாலியர் எனும் குள்ளர்கள். வடக்கே கங்காவதி அருகிலுள்ள ஹிரேபெங்கல் குன்றில் சுமார் 400 பெருங்கற்காலச் சின்னங்கள் இருக்கின்றன. கன்னட மக்கள் அங்கேயும் மோரியரைத்தான் சொல்கிறார்கள். நீலகிரியிலும் மோரியர் மனைகள் உண்டு. மொழி மாறுகிறது, துளையிட்ட சின்ன அறை இருக்குமிடத்தில் எல்லாம் குள்ளர் வந்து குடியேறிவிடுகிறார்கள். இடம்பெயர்ந்த கதை என்று இதைச் சொல்லலாம். ஒரே மாதிரிக் கல் ஒரே மாதிரி ஊகத்தைத் தூண்டியது என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தே நடந்திருக்க வேண்டும்.

வாலியர் கதை வழங்கும் மோட்டூரிலும், விழுப்புரம் மாவட்டத்து உடையாநத்தத்திலும் இன்னொரு வியப்பு இருக்கிறது. கல்வட்டத்தோடு சேர்த்து, தோள்கள் விரிந்து வளைந்த மனித வடிவில் செதுக்கிய ஆளுயரத்தைத் தாண்டும் ஒற்றைப் பலகைக் கல். முகம் இல்லை, கைகால் இல்லை, தோளும் தலையின் சாயலும் மட்டும். உடையாநத்தத்தில் அதை விசிறிப்பாறை என்பார்கள். சாண் உயரக் குடிகளின் ஊர் நடுவே முகமற்ற ஒரு பேருருவம் நிற்கிறது. எந்தத் திரைப்படக் கலை இயக்குநரும் பொறாமைப்படக்கூடிய காட்சி அமைப்பு அது. ஆனால் அது இரும்புக் கால மக்கள் தங்கள் இறந்தோருக்காக உண்மையாகவே நிறுத்தியது.

விட்டுப்போன ஒரே ஒரு தகவல்

ஊராரின் கணக்கில் அளவுகள் எல்லாம் சரி. ஒரு தகவல் மட்டும் அவர்களிடம் இல்லை. இந்த அறைகள் வீடுகள் அல்ல, ஈமச் சின்னங்கள். அதிலும் பெரும்பாலானவை முழு உடலைக் கிடத்துவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. இறந்தவரை முதலில் வேறோர் இடத்தில் விட்டுவைத்து, தசை மறைந்தபின் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்துவந்து, பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் மணிகளோடும் அறைக்குள் வைத்தார்கள். பல இடங்களில் ஒரே அறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைக்கின்றன. எலும்புக் குவியலுக்கு ஆறடி அறை தேவையில்லை. இடுதுளையும் உயிருள்ளவர் போய்வர வெட்டிய வாசல் அல்ல; பின்னாளில் இறந்தவர்களின் எலும்புகளையும் படையலையும் உள்ளே வைக்க அது பயன்பட்டிருக்கலாம், உயிர் வந்துபோக விட்ட வழியாகவும் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இந்த வட்டாரத்தில் அகழாய்வுச் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1950களில் செங்கல்பட்டுப் பகுதியின் சானூரில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. புதுச்சேரியை அடுத்த சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் ஈமக்களங்களைத் தோண்டிய பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் மாரி கசால், 1956இல் அதை நூலாக வெளியிட்டார். திண்டிவனத்துக்கு வடக்கே சானூர், தெற்கே சுத்துக்கேணி. இந்த ஈமக்குழிகளிலிருந்து வெளிப்பட்டது நம்மைப் போன்ற உடலமைப்பு கொண்ட மனிதர்களின் உலகம்தான். தாமிரபரணிக் கரையில் ஈமப் பானைகளான தாழிகளைப் பார்த்த மொழியறிஞர் கால்டுவெல்லும், அவற்றில் இருந்தவர்கள் குள்ளர்கள் என்ற ஊர்ப்பேச்சைக் குறிப்பிட்டு, எலும்புகள் அதை ஆதரிக்கவில்லை என்றே எழுதினார்.

அளவைப் பற்றிய இந்தக் கவலை பழந்தமிழ்ப் புலவர்களுக்கும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. புறநானூற்றின் 228ஆம் பாட்டில், இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவனைப் பார்த்து ஐயூர் முடவனார் இரங்குகிறார். அவ்வளவு பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழிக்குப் பூமியே சக்கரமாகவும் மேருமலையே மண்ணாகவும் வேண்டியிருக்குமே என்பது அவர் கேள்வி. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கேட்கிறாள். மணிமேகலை தன் காலத்துச் சுடுகாட்டை வருணிக்கும்போது சுடுவோர், புதைப்போர் என்று அடுக்கி, தாழியில் கவிப்போரையும் சேர்க்கிறது. அந்தப் புலவர்களுக்குத் தாழி என்னவென்று தெரியும். அதனால் அவர்கள் பாட்டில் கலம் போதவில்லை, மனிதர் பெரியவர். வழக்கம் மறைந்தபின் வந்த தலைமுறைகளுக்குத் தாழி என்னவென்று தெரியவில்லை. அவர்கள் கதையில் கலம் சரியாகவே இருக்கிறது, மனிதர்தான் சிறுத்துவிட்டார்.

விளக்கு மாடத்தில் ஒரு பாட்டன்

தாழியைப் பற்றிய கதை கற்பதுக்கைக் கதையைவிட ஆழமானது. முதுமக்கள் தாழி கிடைக்கும் ஊர்களில் சிற்சில மாற்றங்களோடு தமிழ்நாடெங்கும் அதைக் கேட்கலாம். முற்காலத்தில் மனிதருக்குச் சாவே வராது. வயது ஏற ஏற உடல் சுருங்கிக்கொண்டே போகும். பாட்டனும் பாட்டியும் கைக்குழந்தை அளவுக்கு வருவார்கள். பிறகு அதைவிடச் சிறியவர்களாகிவிடுவார்கள். மிதிபடாமல் இருக்க அவர்களை விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்கள். பேச்சும் நடமாட்டமும் குறைந்தபின், வேறு வழியின்றி ஒரு பெரிய தாழியில் உட்காரவைத்து, தின்ன அரிசியும் குடிக்கத் தண்ணீரும் பக்கத்தில் ஒரு விளக்கும் வைத்து, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். தென்மாவட்டங்களில் இதை மதமதக்கன் தாழி என்பதுண்டு.

இதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் மண்ணுக்குள் ஆதாரம் இருக்கிறது. தாழிக்குள் எலும்பு இருக்கிறது, ஆனால் ஓர் ஆள் முழுதாக உட்கார இடம் போதாது. சின்னக் கலயங்கள் இருக்கின்றன. சிலவற்றில் தானியத்தின் தடயமும் கிடைக்கும். இவை எல்லாவற்றையும் விளக்கக்கூடிய கதை இது. ஆனால் பதுக்கைக் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாசல் வைத்த கல்லறையைப் பார்த்தவர்கள், அதில் இருந்தவர் வேறோர் இனம் என்றார்கள். குழந்தை வயிற்றில் சுருண்டிருப்பதுபோல எலும்பு சுருண்டிருந்த தாழியைப் பார்த்தவர்கள், இவர் நம்முடைய முன்னோரேதான் என்றார்கள்.

கிரேக்க, ரோமானிய மரபிலும் இதன் உறவு உண்டு. தித்தோனசுக்காகச் சாகா வரம் கேட்ட அவன் காதலியான தேவதை, முதுமை அண்டாத வரத்தைக் கேட்க மறந்ததால், அவன் சுருங்கிச் சுருங்கிச் சிள்வண்டாகிப் போனான். குமே நகரத்துக் குறிசொல்லியான சிபில், கைப்பிடி மணலின் எண்ணிக்கைக்கு ஆண்டுகளைக் கேட்டு வாங்கிவிட்டு, கடைசியில் ஒரு குடுவைக்குள் தொங்கவிடும் அளவுக்குச் சிறுத்து, சாவை வேண்டிக்கொண்டிருந்தாள். அங்கே சுருக்கம் யோசிக்காமல் கேட்ட வரத்துக்குக் கிடைத்த தண்டனை. தமிழ்க் கதையில் யாரும் வரம் கேட்கவில்லை. யாரும் தவறு செய்யவில்லை. முதுமை என்றாலே சிறுத்துப்போவதுதான். சுருங்கிய பெரியவரை என்ன செய்வது என்ற சுமை முழுவதும் வீட்டாருடையது. அன்னம் தண்ணீர் வைத்துக் கண்ணெதிரே மண்ணில் இறக்குவது பாசமா, கைவிடுவதா என்பதற்குக் கதை தீர்ப்புச் சொல்வதில்லை. அதைக் கேட்ட பிள்ளைகள் அந்த இரவு தங்கள் ஆயாவைப் பார்த்த பார்வையில்தான் அந்தத் தீர்ப்பு இருந்திருக்கும்.

கலமும் குறுவடிவும் சேரும் இன்னொரு பழம்பாத்திரத்தையும் இங்கே நினைக்கலாம். மரபு சொல்லும் முதல் தமிழ் இலக்கணியான அகத்தியர் குடத்தில் பிறந்தவர், உருவத்தில் குறுமுனி. குள்ளமாக இருப்பது குறைவாக இருப்பது அல்ல என்பதை நம் புராணங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கட்டைவிரல் அளவே கொண்ட வாலகில்லிய முனிவர்கள் ஒரு சிறு சுள்ளியைக் கூட்டாகச் சுமந்து, பசுவின் குளம்படியில் தேங்கிய நீரில் தத்தளித்தபோது இந்திரன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக இன்னோர் இந்திரனையே உண்டாக்க அவர்கள் வேள்வி தொடங்கினார்கள். அதன் பயனாகக் கருடன் பிறந்தான் என்கிறது மகாபாரதத்தின் ஆதிபருவம். விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூரில், மூவடி மண் கேட்டு வந்த வாமனன் உலகளந்த பெருமாளாக ஓங்கி நிற்கிறான். ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில் முதலாழ்வார் மூவர் சந்தித்ததும் அதே ஊரில்தான் என்கிறது வைணவ மரபு. இடத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைப் பற்றி யோசிக்க இந்தத் தென்பெண்ணைக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தியக் குள்ளரும் மேற்கின் ஏடுகளும்

குள்ளர் தேடி மேற்குலகம் பார்த்த திசையும் இந்தியாதான். கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டில் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் தெசியாசு, இந்தியாவின் நடுவே இரண்டு முழம் உயரமே கொண்ட மனிதர்கள் வாழ்வதாக எழுதினார். அவர்களின் ஆடுமாடுகளும் அதே விகிதத்தில் சிறியவை. ரோமானியரான பிளினி மூன்று சாண் மனிதர்களை இந்திய மலைகளுக்கு அப்பால் குடியேற்றினார். அதே மூன்று சாண் மெடோஸ் டெய்லர் கேட்ட கதையிலும் வருவது ஆர்வமூட்டும் ஒற்றுமை. அதிலிருந்து உறவு நிறுவ முடியாது.

உண்மையிலேயே குட்டி மனிதர்கள் இருந்திருக்கக் கூடாதா என்ற கேள்வி 2004க்குப் பிறகு முன்பைவிட நியாயமானது. இந்தோனேசியாவின் புளோரசுத் தீவில் லியாங் புவா குகையில் 2003இல் கண்டெடுத்து, அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட மனித இனத்தின் உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். அந்தத் தீவு மக்களிடமும் காட்டில் வாழ்ந்த குள்ளரைப் பற்றிய கதை உண்டு. ஆனால் புளோரசில் எலும்பே சிறிது. விழுப்புரத்தில் சிறியது அறை மட்டும்தான். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு, வாலியர் ஒரு மறைந்த இனம் என்று பேசுவது கதையையும் ஆய்வையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

திரையில் விகிதம்

குட்டி மனிதர் கதையைத் துல்லியமான கணக்காக மாற்றியவர் ஜொனாதன் சுவிப்ட். 1726இல் வெளிவந்த கலிவரின் பயணங்களில் லில்லிபுட் மக்களின் உயரம் நம்முடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே கலிவருக்குச் சாப்பாடு போட அந்நாட்டுக் கணிதர்கள் பன்னிரண்டை மும்முறை பெருக்கி, 1,728 பேரின் உணவை ஒதுக்குகிறார்கள். நீளம் பன்னிரண்டு மடங்கு என்றால் வயிறு 1,728 மடங்கு.

இந்தக் கணக்கைக் கண்ணுக்கு நம்பும்படி காட்டுவதுதான் திரைப்படக்காரர்களின் சவால். டிஸ்னி நிறுவனம் 1959இல் எடுத்த டார்பி ஓகில் படத்தில், அயர்லாந்துக் குள்ள அரசனாக நடித்தவரைக் கேமராவிலிருந்து வெகு தொலைவிலும் கதாநாயகனை அருகிலும் நிறுத்தி, இருவரும் பக்கத்தில் இருப்பதுபோலப் படம்பிடித்தார்கள். தொலைவும் அருகும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய, கண் கூசும் அளவுக்கு விளக்குகள் தேவைப்பட்டன. 1989இல் வந்த ‘ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்’ படத்தில் மரம்போன்ற புற்களையும் மாடுபோன்ற எறும்பையும் செய்துவைத்தார்கள். மேரி நார்ட்டனின் 1952ஆம் ஆண்டு நாவலைத் தழுவி ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 2010இல் வெளியிட்ட அரியெட்டி இதில் மிக நுட்பமானது. அங்கே மனிதர் வீட்டுத் தரைக்கு அடியில் வாழும் குட்டி மனிதக் குடும்பம் கோப்பையில் தேநீர் ஊற்றினால், அது தாரையாக ஓடாது. பெரிய சொட்டாக உருண்டு விழும். அந்த அளவில் நீரின் மேற்பரப்பு இழுவிசைதான் ஆட்சி செய்யும் என்ற இயற்பியலை ஓவியர் மதித்திருக்கிறார்.

இந்தப் படங்களின் உண்மையான நாயகர்கள் பொருள்கள்: ஊசி, பொத்தான், சர்க்கரைக் கட்டி, கதவிடுக்கு. நாள்தோறும் பார்த்துக் கவனிக்காமல் விட்ட வீட்டைப் புதிதாகக் காட்டுவதால்தான் அவை குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொதுவான படங்களாகின்றன.

தென்னிந்தியத் திரைப்படம் வேறு வழியில் போனது. பொருளின் விகிதத்தைவிட நடிகரின் உடலையே அது நம்பியது. மலையாளத்தில் வினயன் 2005இல் இயக்கி, தமிழில் அற்புதத் தீவு என்று வந்த படத்தில், ஒரு தீவின் ஆண்கள் அனைவரும் குள்ளர். 76 செண்டிமீட்டர் உயரமுள்ள அஜயகுமார் அதன் நாயகர்களில் ஒருவராக நடித்து, முழுநீளப் படத்தில் முதன்மை வேடமேற்ற மிகக் குள்ளமான நடிகர் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். உயரம் குறைந்த கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூட்டுக் காமெடிக்கு வெளியே திரையில் வந்தது பெரிய விஷயம்தான். 1989இன் அபூர்வ சகோதரர்களில் கமல்ஹாசன் காலை மடித்து அப்புவாக மாறியதும் கைத்திறனின் உச்சம். ஆனால் இவை குட்டி மனிதர் கதைகள் அல்ல. உயரம் குறைந்த மனிதர்களின் கதைகள்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வளர்ந்தபின்னும் 147 செண்டிமீட்டரைத் தாண்டாத உயரத்தை ஊனமாக ஏற்று உரிமை வழங்குகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் இழிவுபடுத்தாமல் காட்டுவதற்கான நெறிகளை வகுத்தது. உயரம் குறைந்தவர் பக்கத்து வீட்டில் வாழும் குடிமகன். வாலியர் கல்லின் அளவிலிருந்து பிறந்த கற்பனை. பின்னதைத் திரையில் காட்ட முன்னவரின் உடலைச் சிரிப்புப் பொருளாக்கத் தேவையே இல்லை. அரியெட்டி செய்ததுபோல ஒரு சொட்டுத் தண்ணீரின் அளவை மாற்றினால் போதும்.

இந்த மண்ணின் குட்டி மனிதர்

மேற்கத்தியக் குடும்பப் படங்களில் சிறுத்துப்போவது பெரும்பாலும் குழந்தைகள். ஆபத்துகளைத் தாண்டி, பழைய உயரத்துக்குத் திரும்பி வருவது அவர்களின் சாகசம். இல்லையென்றால் தரைக்கு அடியில் ஒளிந்து வாழும் வேறோர் இனத்தோடு மனிதக் குழந்தை நட்பாகும். நம் தாழிக் கதையில் சிறுத்துப்போவது தாத்தாவும் ஆயாவும். அவர்கள் திரும்பி வளரப் போவதில்லை. சாகசம் அவர்களைக் காப்பாற்ற வேண்டிய பேரக்குழந்தைகளுடையது. உலகில் இவ்வகைப் படங்கள் எவ்வளவோ வந்திருந்தும், இந்தக் கோணம் கிட்டத்தட்ட தொடப்படாமலேயே இருக்கிறது.

களம் தேட வேண்டியதில்லை. அசுரன் எலும்பு கிடக்கும் திருவக்கரை. முகமில்லாப் பேருருவம் நிற்கும் உடையாநத்தம். செங்காவியில் மனித உருவங்கள் தீட்டிய கீழ்வாலைப் பாறைகள். திண்டிவனத்துக்குக் கிழக்கே, பாறையில் கீறிய உருவங்களை வைத்திருக்கும் பெருமுக்கல் குன்று. எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரம். செங்காவி உருவங்களில் பல, பாறைப் பரப்பில் சின்னஞ்சிறியவை. அவற்றை அசையவிட்டால் போதும் என்று எந்த அனிமேஷன் கலைஞருக்கும் தோன்றும்.

ஆனால் களம் அப்படியே காத்திருக்கும் என்று நினைக்க முடியாது. கல்வட்டத்துப் பாறைகள் நிலத்தைத் திருத்தும்போது வரப்போரம் ஒதுக்கப்படுகின்றன. பலகைக் கற்கள் பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் போகின்றன. குவாரி நெருங்கிவிட்ட குன்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக இவற்றுக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு பங்கு, இது யாரோ ஒருவருடைய வீடு என்ற அந்தக் கதைக்கும் உரியது. குடியிருந்தவர் குள்ளரானாலும் அடுத்தவர் வீட்டைப் பிரிக்கக் கை கூசும். தொல்லியல் அறிவு வந்து, இது வீடு அல்ல என்று விளக்கியபோது உண்மை கிடைத்தது, கூச்சம் போய்விட்டது. அந்த இடத்தை அரசின் அறிவிப்புப் பலகை நிரப்பவில்லை.

ஆகவே தளங்களைப் பதிவு செய்யும்போது கல்லின் நீள அகலத்தோடு, அதைப் பற்றி அந்த ஊர் சொல்லும் கதையையும் எழுதிவைக்க வேண்டும். மோட்டூரில் வாலியர் என்றால் செஞ்சியில் என்ன, மரக்காணத்தில் என்ன, எந்த ஊரில் தீ மழை பெய்தது, எந்த ஊரில் பீமன் வந்தான் என்று கிராமம் கிராமமாகக் கேட்டுத் தொகுத்தால், எந்த வகைச் சின்னம் எந்த வகைக் கதையைப் பிறப்பிக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். வாசலுள்ள அறைக்கு வேற்றினக் குள்ளர், வாய் திறந்த தாழிக்குச் சொந்தப் பாட்டன் என்று இங்கே வைத்திருக்கும் ஊகம் அப்போது நிற்கலாம், விழலாம். அறைக்குள் இருப்பவரும் தாழிக்குள் இருப்பவரும் இந்த மண்ணின் இரும்புக் கால மனிதர்களே என்பது மட்டும் மாறாது. குள்ளர் என்று நாம் வேற்றாளாக நினைத்தவர், தாத்தா என்று நினைத்தவர், இருவரும் ஒருவரே. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லும் ஒரு படத்தை எடுக்க விரும்புகிறவர் முதலில் கம்ப்யூட்டர் வரைகலை நிபுணரைத் தேட வேண்டாம். ஓர் அளவு நாடாவையும் கதை கேட்கும் பொறுமையையும் எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினால் போதும்.